அம்மா இரண்டாம் முறை சாப்பிட்ட மதியம்

சென்ற ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மதியம் பன்னிரண்டரை மணிக்கு அம்மா சாப்பிட்டு முடித்தார். முருங்கைக்காய்ச் சாம்பார், வாழைக்காய் வறுவல், மிளகு ரசம், கடைசியாக மோர்ச்சாதம் என்று எப்போதும் சாப்பிடும் அளவுதான். கையைக் கழுவி, புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு கூடத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர், ஒரு மணி அடிப்பதற்குள் என்னைப் பார்த்து, "ஏண்டா தம்பி, சமையல் இன்னும் ஆகலையா? பசிக்குதே" என்று கேட்டார். அம்மாவுக்கு 82 வயது. மருத்துவர் மறதி நோய் என்று பெயர் சொல்லி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

"இப்பத்தானே சாப்பிட்டே அம்மா" என்றேன். "யாரு சொன்னா? காலையிலேர்ந்து ஒரு பருக்கை உள்ள போகல" என்றார். அதுவரை நாங்கள் வாதாடிக்கொண்டிருந்தோம். பாத்திரத்தைக் காட்டுவோம், எச்சில் தட்டைக் காட்டுவோம், அவர் அழுவார், அல்லது எதிர்வீட்டு அக்காவிடம் போய் மருமகள் சோறு போடுவதில்லை என்று சொல்லிவிட்டு வருவார். பத்து ஆண்டுகளாக அவருக்கு வாய்க்கு ருசியாகச் சமைத்துப் போடும் என் மனைவி அந்தச் சொல்லைக் கேட்டு ஓர் இரவு முழுவதும் தூங்கவில்லை. அன்று மட்டும் வாதாடுவதற்கு எனக்குத் தெம்பு இல்லை. இன்னொரு தட்டுப் போடச் சொன்னேன்.

அவர் அதையும் சாப்பிட்டார். வேண்டாவெறுப்பாகவோ எங்களைத் திருப்திப்படுத்துவதற்காகவோ அல்ல. முதல் தட்டைச் சாப்பிட்ட அதே வேகத்தில், அதே நிதானத்தில், சாம்பாரைக் குழியில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். ஒன்றே ஒன்று மாறியிருந்தது. அரை மணி நேரத்துக்கு முன் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட வாழைக்காய் வறுவலில் இரண்டு துண்டுக்கு மேல் அவர் கை போகவில்லை. "என்னமோ இது வேண்டாம்போல இருக்கு" என்று தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டார். அதை நான் பார்த்தேன். அப்போது அதற்கு ஒரு பொருளும் எனக்குப் படவில்லை.

நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியன். இருபத்தாறு ஆண்டுகளாக ஹைப்போதலாமஸ் என்ற மூளைப்பகுதி பாடத்தில் வரும்போதெல்லாம் "உடல் வெப்பம், பசி, தாகம், தூக்கம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்துகிறது" என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு அடுத்த தலைப்புக்குப் போயிருக்கிறேன். எந்த மாணவனும் "எப்படி ஐயா கட்டுப்படுத்துகிறது?" என்று கேட்டதில்லை, கேட்டிருந்தால் நானும் விழித்திருப்பேன். வயிறு நிறையச் சாப்பிட்ட ஒருவர், வயிறு நிறைந்திருக்கும்போதே, நிறையவில்லை என்று எப்படி நம்ப முடியும் என்ற கேள்வி என் வீட்டுக் கூடத்திலேயே வந்து உட்கார்ந்த பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் கிடைத்தது, அம்மாவைப் போலவே இரண்டு முறை சாப்பிட்ட ஒருவரின் கதை. ஹென்றி மொலெய்சன் என்ற அமெரிக்க இளைஞருக்குத் தீராத வலிப்பு நோய் இருந்தது. 1953இல் அவருடைய மூளையின் இரு பக்கங்களிலும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கை அறுவை மருத்துவர் ஒருவர் எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது, ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை, எச்.எம். என்ற இரண்டு எழுத்துகளாக மருத்துவ நூல்களில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவர் வாழ்ந்தார். இரவு உணவு முடிந்த சற்று நேரத்தில் அவர் முன் இன்னொரு முழு உணவை வைத்தபோது அவர் அதையும் சாப்பிட்டார். எவ்வளவு பசிக்கிறது என்று கேட்டால் சாப்பிடுவதற்கு முன்பும் பின்பும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொன்னார். 1998இல் பால் ரோசின் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நினைவிழந்த வேறு இருவரிடம் இதையே முறையாகச் சோதித்தார்கள். முதல் மதிய உணவு முடிந்து பத்து முதல் முப்பது நிமிடங்களுக்குள் இரண்டாவது உணவு கொடுக்கப்பட்டது, இருவரும் சாப்பிட்டார்கள். மறுபடி பத்து முதல் முப்பது நிமிடங்களுக்குள் மூன்றாவது வந்தது, பெரும்பாலும் அதையும் தொடங்கினார்கள். நினைவு சிதையாதவர்கள் இரண்டாவது உணவை வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள்.

இதைப் படித்த இரவில் என் மனைவியை எழுப்பிச் சொன்னேன். அம்மா பொய் சொல்லவில்லை, நம்மைப் பழிவாங்கவும் இல்லை. நாம் 'சாப்பிட்டாயிற்று' என்று உணர்வதில் ஒரு பெரிய பங்கு, சாப்பிட்டோம் என்ற நினைவு. அந்த நினைவை எழுதும் இடம் அவருக்குச் சிதைந்துவிட்டது. எழுதப்படாத உணவு, மூளையைப் பொறுத்தவரை நடக்காத உணவு. அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படீன்னா வயிறு எதுக்கு இருக்கு?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. இந்தத் துறையே அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது. 1912இல் ஹார்வர்டில் வால்டர் கேனன் என்பவரின் மாணவர் வாஷ்பர்ன், ஒரு ரப்பர் பலூனை விழுங்கி, அதை வயிற்றுக்குள் ஊதவைத்து, வயிறு சுருங்கும்போதெல்லாம் தனக்குப் பசிக்கிறதா என்று பொத்தானை அழுத்திக் குறித்தார். சுருக்கமும் பசியும் ஒத்துப்போயின. பசி என்பது வயிற்றின் சுருக்கமே என்று முடிவு கட்டினார்கள். நம் பேச்சிலும் அதே கருத்துதான்: வயிறு கிள்ளுகிறது, வயிறு காய்கிறது, வயிற்றெரிச்சல், வசையும் புலம்பலும் எல்லாம் வயிற்றுக்கே. ஆனால், நோய் காரணமாக இரைப்பையை முழுவதும் அகற்றிவிட்டவர்களுக்கும் பசி வருகிறது. வயிறு செய்தி அனுப்பும் பல இடங்களில் ஒன்று, அவ்வளவே. செய்திகளைப் படித்துத் தீர்ப்புச் சொல்வது வேறோர் இடம்.

அந்த இடத்தைத் தேடிப் போனவர்கள் முதலில் எலிகளின் மூளையில் துளையிட்டார்கள். 1940இல் அமெரிக்காவில் ஹெதரிங்டனும் ரான்சனும் ஹைப்போதலாமஸின் நடுப்பகுதியில் சிறு காயம் ஏற்படுத்தினார்கள், எலிகள் பந்துபோலப் பெருத்தன. 1951இல் நம் நாட்டுக்காரர் ஒருவர் இதன் மறுபாதியைக் கண்டார் என்பது, வெட்கத்தோடு சொல்கிறேன், இத்தனை ஆண்டு விலங்கியல் நடத்திய எனக்குத் தெரியாது. பால கிருஷ்ண ஆனந்த் என்ற உடலியங்கியல் அறிஞர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் புரோபெக்கோடு சேர்ந்து, ஹைப்போதலாமஸின் இரு ஓரங்களிலும் மிகச் சிறிய காயம் ஏற்படுத்தியபோது, எலிகள் சாப்பிடுவதை அடியோடு நிறுத்திவிட்டன. தீனி பக்கத்திலேயே கிடக்க, அவை பட்டினியால் செத்தன. ஆனந்த் பிறகு டெல்லி எய்ம்ஸில் உடலியங்கியல் துறையைக் கட்டியெழுப்பினார். யோகிகளின் மூளை அலைகளை அளந்தவரும் அவர்தான்.

ஓரத்தில் 'பசி மையம்', நடுவில் 'நிறைவு மையம்' என்று இரண்டு சுவிட்சுகளாகப் பாடநூல்களில் நுழைந்த படம் இங்கிருந்துதான் வந்தது. எழுதிப்போட வசதியான படம், தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கும் வசதி. பிறகு வந்த ஆய்வுகளில் அது கரைந்துபோனது. ஆனந்த் காயப்படுத்திய ஓரத்தின் வழியாக டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைச் சுமக்கும் நரம்பிழைகள் கட்டுக்கட்டாகக் கடந்து போகின்றன. எலிகள் படுத்துவிட்டதில் அந்த இழைகள் அறுந்ததற்கும் பங்கு உண்டு. டோபமைன் சுத்தமாக இல்லாமல் பிறக்கவைத்த சுண்டெலிகள் தீனியைத் தேடிப் போவதில்லை. வாயில் வைத்தால் விழுங்கும், தாமாக எழுந்து போய்ச் சாப்பிடாது. வேண்டும் என்று எழுவது வேறு, ருசித்துச் சாப்பிடுவது வேறு, போதும் என்று நிறுத்துவது வேறு என்று இதற்குள்ளேயே பிரிவுகள் இருப்பதை அதன்பின் படிப்படியாகக் கண்டார்கள்.

இதில் என்னை அதிகம் ஈர்த்த பகுதி, உடலின் கொழுப்புக் கையிருப்பை மூளை எப்படித் தெரிந்துகொள்கிறது என்பது. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில், பார் ஹார்பர் என்ற கடலோரச் சிற்றூரில் ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. அங்கே 1949இல், வழக்கமான எடையைப்போல மூன்று மடங்கு பெருக்கும் ஒரு சுண்டெலி வகை தானாகத் தோன்றியது. 1960களில் இன்னொரு பருத்த வகை தோன்றியது. அதற்கு நீரிழிவும் சேர்ந்திருந்தது. டக்ளஸ் கோல்மன் என்ற உயிர்வேதியியலாளர் இரண்டு சுண்டெலிகளின் விலாவைத் தைத்து ஒட்டி, ஒன்றின் இரத்தம் மற்றொன்றுக்குள் போகும்படி செய்தார். கேட்கக் கொடுமையான சோதனைதான். இரண்டாவது வகைச் சுண்டெலியோடு ஒட்டப்பட்ட சாதாரணச் சுண்டெலி சாப்பிடுவதை நிறுத்தி மெலிந்து இறந்தது. முதல் வகையோடு ஒட்டியபோதோ, பருத்த சுண்டெலி தீனியைக் குறைத்துக்கொண்டது. கோல்மன் கணக்குப் போட்டார்: முதல் வகைக்குப் 'போதும்' என்று சொல்லும் ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் இல்லை, அதனால் துணைச் சுண்டெலியிடமிருந்து வந்ததும் அடங்குகிறது, இரண்டாவது வகையிடம் அந்தப் பொருள் ஏராளமாக இருக்கிறது, ஆனால் அதைக் கேட்கும் செவி மூளையில் இல்லை. அந்தப் பொருளைக் கண்ணால் காணாமல், இரண்டு சுண்டெலிகளின் எடையை மட்டும் பார்த்து இவ்வளவும் சொன்னார். பலர் நம்பவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, 1994இன் கடைசியில், நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் அதற்கான மரபணுவைப் பிடித்தார்கள். கொழுப்புச் செல்களே சுரக்கும் அந்த ஹார்மோனுக்கு, மெலிந்தது என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து லெப்டின் என்று பெயர் வைத்தார்கள்.

மனிதர்களில் லெப்டின் முற்றிலும் இல்லாதவர்கள் மிக அரிது. 1997இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஸ்டீஃபன் ஒராஹிலி, சதாஃப் ஃபரூக்கி ஆகியோர் அடங்கிய குழுவினர், பாகிஸ்தானைப் பூர்விகமாகக் கொண்ட ஒரு குடும்பத்தில் அப்படி இரண்டு பிள்ளைகளைக் கண்டறிந்தார்கள். எட்டு வயதுப் பெண் 86 கிலோ இருந்தாள். அவளுடைய உறவுக்காரப் பையன் இரண்டு வயதில் 29 கிலோ. பிறக்கும்போது இருவரும் மற்றக் குழந்தைகளைப் போலவே இருந்தார்கள், சில மாதங்களில் அடங்காத பசி தொடங்கியது. சாப்பிட்டு எழுந்ததும் மறுபடி கேட்பார்கள், கொடுக்காவிட்டால் ஆர்ப்பாட்டம் செய்வார்கள். பெற்றோர் கண்டிக்கத் தெரியாதவர்கள் என்றுதானே ஊர் பேசியிருக்கும்! அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயதில், எடை 94 கிலோவைத் தாண்டியிருந்தபோது, தினமும் லெப்டின் ஊசி தொடங்கினார்கள். ஒரு வாரத்துக்குள் அவளுடைய சாப்பாட்டு நடத்தை மாறிவிட்டது. உடன்பிறந்தவர்களைப் போலச் சாப்பிட்டாள், போதும் என்று எழுந்தாள். ஓராண்டில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தது. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் காயசண்டிகைக் கதையில், எவ்வளவு உண்டாலும் தணியாத பசிக்கு யானைத்தீ என்று பெயர்; முனிவரின் சாபமாக வந்து அமுதசுரபிச் சோற்றால் அவிந்தது அது. இங்கே ஒரே ஒரு மரபணுவில் ஓர் எழுத்து விடுபட்டதால் மூண்ட தீ, சோற்றால் அடங்காமல், ஓர் ஊசியால் அடங்கியது.

அப்படியானால் பருத்தவர்களுக்கெல்லாம் லெப்டின் போட்டால் தீர்ந்தது என்று உலகமே நினைத்தது, மருந்து நிறுவனங்கள் கோடிக்கணக்கில் பணத்தைக் கொட்டின. நடக்கவில்லை. சாதாரணமாகப் பருத்தவர்களின் இரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே மிகுதியாக ஓடுகிறது. மேலும் ஊற்றினால் மூளை பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. லெப்டினை மூளை, பெட்டியில் பணம் வழிகிறதா என்று பார்க்கப் பயன்படுத்துவதைவிடப் பெட்டி காலியாகிறதா என்று பார்க்கவே பயன்படுத்துகிறது. குறைந்தால் உடனே அலறும். கூடினால் கொட்டாவி விடும். பஞ்சத்தில் செத்த மூதாதையர் ஏராளம், விருந்தில் செத்தவர் சிலரே என்பதால் இப்படி அமைந்திருக்கலாம் என்று சொல்கிறார்கள், எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

காலியாகும்போது மூளை எப்படி அலறும் என்பதற்கு 1945இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஏன்சல் கீஸ் நடத்திய சோதனையைப் படித்தால் போதும். போருக்குப் போக மனச்சாட்சி இடம்கொடுக்காமல் மறுத்த 36 ஆரோக்கியமான இளைஞர்கள், போரில் பட்டினி கிடக்கும் மக்களுக்கு உதவட்டும் என்று தாமாக முன்வந்து, ஆறு மாதங்கள் அரைப்பட்டினி கிடந்தார்கள். எடையில் கால்பங்கு போனது. அதைவிட அவர்கள் மனம் போன போக்குதான் விந்தை. சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், சமையல் நூல்களைக் கதைபோலப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள், ஒரு வேளைச் சாப்பாட்டை இரண்டு மணி நேரம் இழுத்தார்கள். பட்டினி முடிந்து சோறு கிடைத்த பிறகும் வாரக்கணக்கில் அவர்களுக்கு நிறைவு வரவில்லை. இழந்த எடையை உடல் தளராமல் திரும்பக் கேட்பதை 2011இல் வெளிவந்த மெல்பர்ன் ஆய்வு ஒன்றும் காட்டுகிறது: பத்து வாரக் கடும் பத்தியத்தில் எடை குறைத்தவர்களிடம், ஓராண்டு கழிந்தும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் உயர்ந்தும் அடக்கும் ஹார்மோன்கள் தாழ்ந்தும் இருந்தன. நானும் நான்கு ஆண்டுகளுக்கு முன் இரவுச் சோற்றை விட்டு ஒன்பது கிலோ குறைத்தேன். அதில் எட்டுக் கிலோ பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டது. அப்போது ஆசிரியர் ஓய்வறையில் கேட்ட கேலிக்கு இப்போது பதில் சொல்லத் தெரியும், கேலி செய்தவர்தான் மாற்றலாகிப் போய்விட்டார்.

லெப்டின் மாதக்கணக்கு என்றால், அன்றாடக் கணக்குக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். 1999இல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் இரைப்பை சுரக்கும் கிரெலின் என்ற பசி ஹார்மோனைக் கண்டறிந்தார்கள். சாப்பாட்டு நேரம் நெருங்க ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தை ஒட்டி ஏறுவதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பள்ளியில் நாலாவது பாடவேளை முடியும்போது மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே பின்வரிசைப் பையன்கள் சாப்பாட்டுப் பையைத் தடவுவார்கள், விடுமுறை நாளிலும் அதே நேரத்துக்கு எனக்கும் கை பரபரக்கும். சாப்பாடு இறங்கியதும் குடல் தன் பங்குக்கு கோலசிஸ்டோகைனின், ஜிஎல்பி-1 முதலிய ஹார்மோன்களை விடுகிறது. வேகஸ் என்ற நீண்ட நரம்பு, வயிறு எவ்வளவு விரிந்தது, குடலில் என்ன இறங்கியது என்பதை மூளைத்தண்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. உடலில் இயல்பாகச் சுரக்கும் ஜிஎல்பி-1 ஓரிரு நிமிடங்களில் அழிந்துவிடும். அதைப் போன்ற ஒன்றை ஒரு வாரம் அழியாமல் நிற்கும்படி செய்ததுதான் இன்று எல்லோரும் பேசும் எடைக்குறைப்பு ஊசி. அந்த ஊசி வயிற்றை மந்தமாக்குகிறது, மூளையிலும் வேலை செய்கிறது. போட்டுக்கொண்ட சக ஆசிரியை ஒருவர், "தலைக்குள்ள சாப்பாட்டைப் பத்திப் பேசிக்கிட்டே இருந்த ஒரு வானொலியை யாரோ அணைச்சிட்ட மாதிரி இருக்கு சார்" என்றார். நிறுத்தியதும் வானொலி மறுபடி பாடத் தொடங்கும். அந்த ஊசி மருந்துகளில் ஒன்றான செமக்ளூட்டைடை நிறுத்தியவர்களுக்குக் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பி வந்தது என்று அந்த மருந்தின் தொடர் ஆய்வே காட்டியது.

இவ்வளவும் படித்த பிறகு என்னை நாற்காலியிலிருந்து எழவைத்தது 2015இல் சான்பிரான்சிஸ்கோவில் சக்கரி நைட்டின் ஆய்வகத்திலிருந்து வந்த கட்டுரை. ஹைப்போதலாமஸின் அடியில் ஏஜிஆர்பி நியூரான்கள் என்று நரம்புச் செல்களின் ஒரு சிறு கூட்டம் உண்டு. அவற்றை ஒளியால் தூண்டினால், வயிறு நிறைந்த சுண்டெலியும் சில நிமிடங்களில் தின்னத் தொடங்கும். வளர்ந்த சுண்டெலியில் அவற்றை அழித்துவிட்டால் தீனி இருந்தும் பட்டினி கிடக்கும். பசியின் கூச்சல் என்று ஒன்று மூளையில் இருக்குமானால் அது இவைதான். சாப்பாடு வயிற்றில் இறங்க இறங்க இவை மெல்ல மெல்ல அடங்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். நைட்டின் குழுவினர் உயிருள்ள சுண்டெலியில், நொடிக்கு நொடி அவற்றின் செயல்பாட்டை ஒளியிழை வைத்துப் பார்த்தபோது, தீனியைக் கண்டு மோந்த சில நொடிகளிலேயே, ஒரு வாய்கூட உண்பதற்கு முன்பே, அவை அடங்கிவிட்டன. ருசியான தீனி என்றால் இன்னும் ஆழமாக அடங்கின. தீனியை எடுத்துவிட்டால் மீண்டும் கூச்சல். மூளை இங்கே வந்து சேர்ந்த உணவை அளக்கவில்லை, வரப்போகிற உணவைக் கணித்து முன்கூட்டியே கணக்கில் வரவு வைக்கிறது. குடலிலிருந்து வரும் செய்தி அந்த வரவு மெய்யா என்று பிறகு சரிபார்க்கிறது.

இங்கேதான் அம்மாவின் நிலை எனக்குக் கொஞ்சம் தெளிவானது. முன்பு உண்டதன் நினைவு, இப்போது கண்ணெதிரே தெரிவது, இனி வரப்போவதன் கணிப்பு என்ற மூன்றையும் தைத்துத்தான் மூளை நமக்குப் பசி என்றும் நிறைவு என்றும் ஓர் உணர்வைத் தருகிறது. வயிற்றிலிருந்து வரும் செய்தி அதில் ஓர் இழை. அம்மாவுக்கு முதல் இழை அறுந்துவிட்டது. கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது சமையலறை மணம் வருகிறது, சுவரில் கடிகாரம் ஒரு மணி காட்டுகிறது, தட்டு எதுவும் எதிரில் இல்லை. இதற்கு மேல் அவருடைய மூளை வேறு என்ன முடிவுக்கு வர முடியும்? வயிறு நிறைந்திருப்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் காரணம் தெரியாத நிறைவை அவர் வாயு என்று நினைத்துக்கொள்கிறார். "வயிறு உப்பிசமா இருக்கு, சாப்பிட்டாத்தான் சரியாகும்" என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

ஆனால் ஒதுக்கப்பட்ட அந்த வாழைக்காய்? அதற்கான விடை வேறொரு வரிசை ஆய்வில் இருந்தது. ஒரே பதார்த்தத்தைச் சாப்பிடச் சாப்பிட அதன்மேல் மட்டும் விருப்பம் குறையும், வேறொன்றின்மேல் குறையாது. பந்தியில் சோற்றுக்குக் கை மடக்கியவர் பாயசத்துக்கு இலையைக் காட்டுவது இதனால்தான். 1980களின் தொடக்கத்தில் பார்பரா ரோல்ஸ், எட்மண்ட் ரோல்ஸ் ஆகியோர் இதை முறையாக அளந்து எழுதினார்கள். குரங்குகளின் நெற்றிக்குப் பின்னால், கண்குழிக்கு மேலே உள்ள மூளைப்பகுதியில், குறிப்பிட்ட சுவைக்குத் துடிக்கும் நியூரான்கள் அந்தச் சுவை அலுத்ததும் அடங்கிவிடுவதையும் மற்றொரு சுவைக்கு மறுபடி துடிப்பதையும் எட்மண்ட் ரோல்ஸ் குழுவினர் பதிவு செய்தார்கள். 2008இல் சூசன் ஹிக்ஸும் உடன் பணியாற்றியவர்களும், நினைவிழந்து பல முறை சாப்பிடும் நோயாளிகளிடம் இந்த அலுப்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தது. சாப்பிட்டதே நினைவில் இல்லாதவர்களுக்கும், எதைச் சாப்பிட்டார்களோ அதன்மேல் விருப்பம் குறைந்திருந்தது. அந்தக் கணக்கை ஹிப்போகாம்பஸ் எழுதுவதில்லை; வேறோர் ஏட்டில் வேறொரு கணக்குப்பிள்ளை எழுதிக்கொண்டிருக்கிறார், அவர் இன்னும் வேலையில் இருக்கிறார்.

இதை அறிந்தபோது நாங்கள் செய்துகொண்டிருந்த தவறும் தெரிந்தது. அம்மா இரண்டாம் முறை கேட்கும்போது, சோறு போட மனமில்லாமல், சமாதானத்துக்காக முறுக்கோ பிஸ்கட்டோ வாழைப்பழமோ கொடுப்போம். அது புதுச் சுவை. அலுப்புக் கணக்கில் அதற்கு ஒரு பற்றும் இல்லை. முழுவதையும் சாப்பிட்டுவிட்டு மறுபடி கேட்பார். அவருக்குச் சர்க்கரை நோயும் இருப்பதால் அடுத்த நாள் காலையில் குளுக்கோமீட்டர் காட்டும் எண்ணைப் பார்த்து நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் குறைசொல்வோம்.

இப்போது வேறு மாதிரி நடக்கிறது. மதியச் சாப்பாட்டை முதலிலேயே இரண்டு பாதியாக்கி வைக்கிறோம், இரண்டாவது முறை கேட்பார் என்ற கணக்கோடு. சாப்பிட்ட தட்டை உடனே எடுத்துக் கழுவாமல், முருங்கைக்காய்ச் சக்கையும் கறிவேப்பிலையும் அப்படியே இருக்க, அவருடைய கண்ணில் படும்படி மேசையிலேயே ஒரு மணி நேரம் விட்டுவைக்கிறோம். சுத்தம் பார்க்கும் குடும்பத்தில் இது எளிதாக வரவில்லை, ஈ மொய்க்காமல் இருக்க ஒரு கூடை கவிழ்த்திருக்கிறோம். சில நாட்களில் அதைப் பார்த்துவிட்டு, "யாரு சாப்பிட்டது, நானா?" என்று கேட்டு அமைதியாகிவிடுகிறார். அமைதியாகாத நாட்களில், அதே சாம்பாரையும் அதே காயையும் சின்னக் கிண்ணத்தில் போட்டு மறுபடி கொடுக்கிறோம். புதிதாக எதுவும் கிடையாது. எல்லா நாளும் பலிப்பதில்லை. மருத்துவரிடம் சொன்னபோது, செய்து பாருங்கள், அளவை மட்டும் கவனியுங்கள் என்றார்.

போன வியாழக்கிழமை பீன்ஸ் பொரியல். பன்னிரண்டே முக்காலுக்குச் சாப்பிட்டுவிட்டு, ஒன்றேகாலுக்கு, காலையிலிருந்து பட்டினி கிடப்பதாக என் மனைவியிடம் அம்மா முறையிட்டார். அவள் வாதாடாமல், "இதோ போடுறேன் அத்தை" என்று கிண்ணத்தில் கொஞ்சம் சோறும் அதே பீன்ஸும் வைத்துக் கொடுத்தாள். அம்மா ஒரு வாய் போட்டார், மென்றார், இரண்டாவது வாயைக் கையில் எடுத்துக்கொண்டு சற்று யோசித்தார். பிறகு கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "ஏம்மா, எத்தன தடவதான் இந்த பீன்ஸயே போடுவீங்க?" என்றார்.